கோட்டு, சங்கிலி, கொண்டையராஜு

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சதும் நம்ம பசங்க முதல்ல ஓடுற இடம் லைப்ரரி இல்ல, ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு காப்பி. டீ-ஷர்ட்ல போய் உக்காருவோம், அண்ணன் ஒரு கிளிக் அடிப்பார், அஞ்சு நிமிஷத்துல கம்ப்யூட்டர்ல நம்ம கழுத்துக்குக் கீழ நீலக் கோட்டு, டை எல்லாம் வந்துடும். ஹாஸ்டல்ல ஒரு ஃப்ளோர்ல இருக்கிற இருபது பேருக்கும் அதே கோட்டு, அதே மடிப்பு, இடது தோள்ல அதே சின்ன சுருக்கம். அந்த இருபது ரெஸ்யூமையும் ஒரே ஹெச்.ஆர். பாத்தா என்ன நினைப்பாங்கன்னு யாரும் யோசிக்கிறதில்ல.

இப்ப இன்னொரு வேலை பண்ணுங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, வீட்டு ஹால்ல மாட்டியிருக்கிற பழைய படத்தைக் கழட்டி வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. தாத்தாவோட அம்மாவோ, ஆச்சியோட அம்மாவோ, யாராவது இருப்பாங்க. கழுத்துல ஒரு சங்கிலி இருக்கும். கம்மல், மூக்குத்தி இருக்கும். உத்துப் பாருங்க. அந்தச் சங்கிலிக்கு நிழல் விழுந்திருக்கா? பெரும்பாலும் விழுந்திருக்காது. கழுத்து திரும்பியிருக்கும், சங்கிலி திரும்பியிருக்காது. ஏன்னா அது நகை இல்ல, பெயின்ட். உங்க கோட்டுக்கும் அந்தச் சங்கிலிக்கும் நடுவுல எழுபது வருஷம்தான் வித்தியாசம்.

இந்தக் கதையை எங்கிருந்து தொடங்கலாம்னு யோசிச்சப்போ எனக்குக் கிடைச்ச ஆள் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கின்னு கோவில்பட்டியைப் பத்தி நாலு விஷயம் சொல்லத் தெரிஞ்ச நமக்கு இந்தப் பேரு தெரியாது. ஆனா அவர் படத்தைப் பாக்காம வளர்ந்தவங்க தமிழ்நாட்டுல ரொம்பக் கம்மி. பூஜை அறையில, டீக்கடை கல்லாவுக்கு மேல, பழைய பஸ்ல டிரைவர் தலைக்கு மேல நீங்க பாத்த லட்சுமி, சரஸ்வதி, முருகன், மீனாட்சி கல்யாணம் இதுல ஏதாவது ஒண்ணு அவர் கையிலயோ, அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க கையிலயோ பிறந்ததா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கொண்டையராஜு 1898ல் சென்னையில் பிறந்தவர். அங்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த ஓவியப் பள்ளியில் படித்தார். இப்போ அரசு கவின் கலைக் கல்லூரின்னு சொல்றோமே, அதேதான். 1850ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர் ஆரம்பிச்ச பள்ளி அது. ஹண்டருக்கு போட்டோ பைத்தியமும் இருந்தது. 1856ல் மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டி தொடங்கக் காரணமானவரும் அவரே. அந்தப் பள்ளியில் பென்சிலும் கேமராவும் ரொம்பக் காலம் முன்னாடியே பக்கத்து பெஞ்சுல உக்காந்துடுச்சு.

இங்க ஒரு சின்ன சைட் ரோடு. அதே 1856ல் மெட்ராஸ் அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரியை போட்டோகிராஃபரா நியமிச்சது. மதுரை, தஞ்சாவூர், திருச்சி கோயில்களை 1858ல் அவர் எடுத்த படங்கள் இன்னிக்கும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பொக்கிஷம். அவர் அதுக்கு முன்னாடி பர்மாவுல எடுத்த படங்களைப் பாத்தா வானத்துல அழகழகா மேகம் இருக்கும். அந்தக் காலத்து நெகட்டிவ் நீல வெளிச்சத்துக்கு ரொம்ப சென்சிட்டிவ். அதனால நீல வானம் எப்பவுமே வெள்ளைக் காகிதம் மாதிரிதான் பதிவாகும். டிரைப் என்ன பண்ணினார்னா, மெழுகு பூசின காகித நெகட்டிவ் மேல பிரஷ்ஷால மேகத்தை வரைஞ்சுட்டார். மரத்து இலைகளுக்கும் டச்சிங் உண்டு. அரசாங்க ஆவணம், அளவெடுத்து எடுத்த படம், அதுல கையால வரைஞ்ச மேகம். போட்டோன்னா அப்படியே உள்ளது உள்ளபடின்னு நாம நம்புற ஒரு காலம் எப்பவாவது இருந்துச்சான்னே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு.

சரி, கொண்டையராஜுவுக்கு வருவோம். ஓவியப் பள்ளியில் அவருக்குக் கிடைச்சது ஐரோப்பிய முறைப் பயிற்சி. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருது, நிழல் எங்க விழணும், தூரத்துல போகப்போக தூண் எவ்வளவு சிறுசாகணும். ரவிவர்மா அந்த முறையில சாமிகளை வரைஞ்சு, 1894ல் பம்பாய்ல சொந்தமா அச்சகம் போட்டு வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அப்போ எல்லா ஓவியருக்கும் தெரிஞ்ச விஷயம். அந்த வழியில போய் பெரிய ஆளா வரலாம்னு எந்த மாணவனுக்கும் தோணும். இவரோ திருவண்ணாமலைக்குப் போயிட்டார். ரமணர் ஆசிரமத்துல கொஞ்ச காலம் துறவி மாதிரி வாழ்ந்தார். கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கல.

ஆசிரமத்துல இருந்து வெளிய வந்தவர் சேர்ந்த இடம் அதுக்கு நேர் எதிர்: நாடகக் கம்பெனி. தேவி பால விநோத சங்கீத சபாவில் சீன் எழுதுற வேலை. சீன் எழுதுறதுன்னா கதை வசனம் இல்ல. மேடைக்குப் பின்னாடி தொங்குற பெரிய பெரிய படுதாக்களில் அரண்மனை, காடு, தெரு, கைலாசம் எல்லாம் வரையறது. முப்பது அடி அகலத் துணியில் ஒரு தர்பார் மண்டபம். கேஸ் லைட் வெளிச்சத்துல கடைசி வரிசையில இருக்கிறவருக்கு அது நிஜ மண்டபமா தெரியணும். பக்கத்துல போய்ப் பாத்தா வெறும் சுண்ணாம்பும் வர்ணமும்.

இந்த வேலையை நான் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாத்தேன். படுதாவைப் பாக்குறவனை ஏமாத்துறதுதான் அவர் சம்பளம் வாங்குற தொழில். ஆனா அங்க யாரும் ஏமாறல. டிக்கெட் வாங்கினவனுக்கு அது துணின்னு தெரியும். தெரிஞ்சே அரண்மனைன்னு நம்புறான். விடியக்காலையில கூட்டம் கலையும்போது யாரும் அந்த மண்டபத்துக்குள்ள குடிபோகலாம்னு கிளம்புறதில்ல. வரைஞ்சவனுக்கும் பாக்குறவனுக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கு, யாரும் எழுதிக் கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்.

நாடகக் கம்பெனிகள் ரயில் போற ஊரெல்லாம் போகும். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல, கரிசல் காட்டுக்குள்ள, பருத்தி மில்லும் தீப்பெட்டி ஆபீஸும் இருக்கிற கோவில்பட்டி அப்படி ஒரு ஊர். வாரக்கூலி கையில இருக்கிற ஜனம், சாயங்காலம் பொழுதுபோக்குக்கு ஏங்குற ஜனம். 1940கள்ல, உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த நேரத்துல, கம்பெனியோட வந்த கொண்டையராஜு அங்கேயே தங்கிட்டார். சென்னையில பிறந்து, ஓவியப் பள்ளியில படிச்ச ஒரு ஆள், மழை பெய்யாட்டி குடிதண்ணிக்கே அல்லாடுற ஊருல ஏன் தங்கினார்னு கேட்டா, என் அனுமானம் இதுதான்: அந்தக் காலத்துல அவருக்கு எந்த ஊரும் சொந்த ஊர் இல்ல. கூட இருந்த பையன்கள்தான் குடும்பம்.

அந்தப் பையன்கள் முக்கியம். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், செண்பகராமன்னு ஒரு கூட்டமே அவர்கிட்ட கத்துக்கிட்டது. ஃபீஸ் கட்டி சேர்ந்து, சர்டிபிகேட் வாங்கிட்டுப் போற பள்ளி இல்ல அது. கூடவே இருந்து, வர்ணம் அரைச்சு, பிரஷ் கழுவி, சின்னச் சின்ன இடத்தை நிரப்பி, மெதுவா முகத்துக்கு வர்ற முறை. அவங்க சேர்ந்து நடத்தினதுதான் தேவி ஆர்ட் ஸ்டுடியோ. பேரைக் கவனிச்சீங்களா, நாடகக் கம்பெனியோட தேவி கூடவே வந்துட்டா. சீடர்கள் பலரும் பின்னாடி போட்டோ ஸ்டுடியோ நடத்தித்தான் சோறு சாப்பிட்டாங்க. காலண்டர் படம் வருஷத்துல சில மாசம் வர்ற வேலை, போட்டோதான் தினக்கூலி.

இப்ப அந்தக் காலத்து ஸ்டுடியோவுக்குள்ள போவோம். கோவில்பட்டின்னு மட்டும் இல்ல, தமிழ்நாடு முழுக்க எல்லா ஊருலயும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கு. பின்னாடி ஒரு வரைஞ்ச படுதா, மாடிப்படியும் பூந்தொட்டியும். ஓரத்துல ஒரு ஸ்டூல் மேல ரேடியோ இல்லன்னா டைம்பீஸ். மாட்டிக்க ஒரு கோட்டு, எல்லாருக்கும் பொது. (ஹாஸ்டல் ஃப்ளோரை நினைச்சுக்கோங்க.) போட்டோ எடுத்து முடிச்சதும் நெகட்டிவ் போற இடம் டச்சிங் டெஸ்க். சாய்வான மரச்சட்டம், நடுவுல தேய்ச்ச கண்ணாடி, கீழ ஒரு முகம் பாக்குற கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் கீழ விழுந்து மேல திரும்பி நெகட்டிவ் வழியா வரும்.

நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். முகத்துச் சுருக்கம், தழும்பு, கண்ணுக்குக் கீழ கருவளையம் இதெல்லாம் பிரிண்ட்ல கறுப்பா வரும், அதனால நெகட்டிவ்ல அது தெளிவான கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தத் தெளிவான இடத்துல ஊசி மாதிரி சீவின பென்சிலால பொடிப்பொடியா புள்ளி வச்சு நிரப்பினா, அந்த இடத்துல வெளிச்சம் குறைவா போகும், பிரிண்ட்ல சுருக்கம் மறைஞ்சுடும். ஒரு இடம் ரொம்ப வெளுப்பா வந்திருந்தா, பிளேடு முனையால எமல்ஷனை லேசா சுரண்டணும். கொஞ்சம் அழுத்தினா நெகட்டிவ் காலி. கன்ட்ரோல் இசட் கிடையாது. ஒரு முகத்துக்கு ஒரு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து வேலை பாக்குறவனுக்கு, அந்த முகத்தோட ஒவ்வொரு மேடும் பள்ளமும் மனப்பாடம் ஆகியிருக்கும். நம்ம போன்ல பியூட்டி மோடு அதையே ஒரு செகண்டுக்குள்ள பண்ணுது, ஆனா யாரோட முகம்னு அதுக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் பிரிண்ட் மேல வேலை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் குடுக்கறது. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுற வர்ணத்தை மெல்லிசா தடவினா கீழ இருக்கிற போட்டோவும் தெரியும், நிறமும் தெரியும். புடவைக்கு அரக்கு, கரைக்கு மஞ்சள், உதட்டுக்கு லேசா ரோஸ். அந்த இடத்துலதான் சங்கிலி வரும், கம்மல் வரும். அடகுல இருக்கிற நகை திரும்பி வரும். ஆசைப்பட்டும் வாங்க முடியாத நகையும் வரும்.

இன்னும் பெரிய வேலைகள் உண்டு. ஜோடியா போட்டோ எடுக்காமலே புருஷன் செத்துப்போயிருப்பான். அவனோட பழைய குரூப் போட்டோவுல இருந்து தலையை வெட்டி, பொண்டாட்டி பக்கத்துல ஒட்டி, சேர்ற இடத்துல பிரஷ்ஷால பூசி, மொத்தத்தையும் மறுபடியும் கேமராவுல படம் எடுத்து புது நெகட்டிவ் ஆக்கிடுவாங்க. ஒட்டின தடம் போயிடும். வாழ்நாள்ல ஒரு தடவை கூட போட்டோ எடுக்காத ஆள் செத்தா, பிணத்தை உக்கார வச்சு எடுத்து, மூடின கண் மேல திறந்த கண் வரைவாங்க. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல 1880 முதல் 1980 வரைக்குமான தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடித்தேடி சேகரிச்சு வச்சிருக்காங்க. சாவு போட்டோவும் ஒட்டுப்போட்டோவும் அதுல சாதாரணமா கிடைக்குது.

இது பொய்யா?

முதல்ல எனக்கு ஈஸியா ஒரு பதில் இருந்தது. வீட்டுக்காரங்களே கேட்டு வாங்கினது, அவங்களுக்கே தெரியும், அதனால பொய் இல்ல. நாடகப் படுதா மாதிரிதான். ஆனா அந்தப் படம் அதே வீட்டுல அதே ஆட்களோட நிக்கறதில்லையே. கல்யாண வயசுப் பொண்ணோட போட்டோ தரகர் பையில ஏறி இன்னொரு ஊருக்குப் போகும். அங்க அதைப் பாக்குற மாப்பிள்ளை வீட்டுக்கு டச்சிங் டெஸ்க் தெரியாது. அந்தக் கழுத்துல இருக்கிற அஞ்சு பவுனும் தெரியும், ரோஸ் நிறக் கன்னமும் தெரியும். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வித்தியாசத்துக்கு பதில் சொல்ல வேண்டியது ஸ்டுடியோக்காரர் இல்ல, அந்தப் பொண்ணு. படம் மாறல, பாக்குற ஆள் மாறினதும் ஒப்பந்தம் உடைஞ்சுடுச்சு.

கன்னத்து நிறம் பத்தி இன்னொரு மனக்குறையும் இருக்கு, சொல்லிடறேன். பழைய எமல்ஷன்கள் சிவப்பு வெளிச்சத்தைப் பிடிக்காது. அதனால நம்ம மாநிறத் தோல் நிஜத்தை விட இன்னும் கறுப்பா விழும். அதைச் சரி பண்ண ஆரம்பிச்ச டச்சிங், சரியான இடத்துல நிக்கல. அதையும் தாண்டி வெளுத்துக்கிட்டே போச்சு. கரிசல் காட்டு வெயில்ல பருத்தி எடுத்த பொம்பளைங்க சுவத்துல ரோஸ் கலர்ல தொங்குறாங்க. அவங்க நிஜத்துல என்ன நிறம்னு பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. காலண்டர் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் அதே கன்னம்தான். கொண்டையராஜு பள்ளியும் இதுக்கு விதிவிலக்கு இல்ல. அவரை மட்டும் குறை சொல்றது நியாயமும் இல்ல, கேட்டவங்களுக்கு அதுதான் பிடிச்சது. ஆனா பாத்துப் பாத்து வளர்ந்த நம்ம கண்ணுல அந்த நிறம்தான் அழகுன்னு பதிஞ்சதுல அந்த பிரஷ்களுக்குப் பங்கே இல்லன்னும் சொல்ல முடியாது.

காலண்டர் கதைக்கு வருவோம், அதுதானே அவரைப் பேர்பெற வச்சது. கோவில்பட்டியில இருந்து பஸ்ஸுல ஒரு மணி நேரம் போனா சிவகாசி. மழை கம்மி, காத்துல ஈரம் கம்மி, தீக்குச்சி காயவும் அச்சு மை காயவும் ஏத்த ஊர். தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்க வந்த லித்தோ மெஷின்கள், சும்மா இருக்கிற நேரத்துல காலண்டர் அடிக்க ஆரம்பிச்சு, அப்புறம் அதுவே பெரிய தொழிலாச்சு. 1950கள்ல இருந்து அவங்களுக்கு வருஷா வருஷம் புதுப் படம் தேவை. பக்கத்து ஊர்லயே ஐரோப்பிய முறைப் பயிற்சியும், நாடக மேடைக் கண்ணும், சாமி பக்தியும் சேர்ந்த ஒரு ஆள், கூடவே பழகின கைகள். வேற என்ன வேணும்?

அவர் சாமிகளைப் பாத்தீங்கன்னா நாடக மேடை நல்லா தெரியும். பின்னாடி தூண், திரை, தாமரைக்குளம், எல்லாம் படுதாவுல இருந்து இறங்கி வந்தது. சாமி நேரா நம்மளைப் பாக்கும், மேடையில நிக்கிற ராஜபார்ட் முதல் வரிசையைப் பாக்குற மாதிரி. கழுத்துல சங்கிலி இருக்கும், இதே பிரஷ், இதே மஞ்சள். ஆனா இங்க நிழல் சரியா விழும், ஏன்னா உடம்பும் சங்கிலியும் ஒரே கையில பிறந்தது. வருஷம் முடிஞ்சா கீழ இருக்கிற தேதிக் கட்டையையும் கடைப் பேரையும் வெட்டிட்டு, மேல இருக்கிற சாமியை மட்டும் ஃப்ரேம் போட்டு மாட்டுவாங்க. விளம்பரமா வந்தது கடவுளா ஆயிடும். லட்சுமியை நேர்ல பாத்துட்டு யாரும் வந்து மூக்கு மாறிப்போச்சுன்னு சண்டை போட முடியாது. போட்டோ மட்டும்தான் அந்த வம்புல மாட்டுது, எதிர்ல ஒருத்தர் உக்காந்திருந்தார்னு அது சத்தியம் பண்ணுது.

எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம் படத்துல இல்ல, படத்தோட மூலையில இருக்கு. சில அச்சுப்படங்கள்ல அவர் கையெழுத்தோட சீடர் பேரும் சேர்ந்து இருக்கும். காலண்டர் கம்பெனிக்கு வேண்டியது கொண்டையராஜு பேர் மட்டும்தான், அதுக்குத்தான் மார்க்கெட். கூட இருந்தவன் பேரைப் போடலேன்னா கேக்க ஆளில்ல. ஆனாலும் போட்டிருக்கார். யார் கை பட்டதுங்கற விஷயத்துல அந்தப் படம் சுத்தமா இருக்கு. நம்ம மினி புராஜெக்ட் ரிப்போர்ட்ல வேலையே செய்யாதவன் பேர் முதல்ல வர்றதை நினைச்சு எனக்கு நானே சிரிச்சுக்கிட்டேன்.

1976ல் கொண்டையராஜு இறந்தார். பெரிய சொத்து எதுவும் சேர்க்கல. கலை உலகம் அவரை அப்போ கண்டுக்கல, காலண்டர்ன்னா மட்டம்னு ஒரு எண்ணம். பின்னாடி கனடாவுல இருந்து ஸ்டீபன் இங்கிலிஸ் என்கிற மானிடவியலாளர் வந்து அவரையும் சீடர்களையும் பத்தி ஆராய்ச்சி பண்ணி எழுதினதுக்கு அப்புறம்தான் வெளியில பேச ஆரம்பிச்சாங்க.

அவர் போனதுக்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கலர் ஃபிலிம் வந்து டச்சிங் டெஸ்க்கை மூலையில தள்ளிச்சு. 1990ல் ஃபோட்டோஷாப் வந்தது. ஒட்டு வேலை ஒண்ணும் புதுசில்ல. ஸ்டாலின் பக்கத்துல நின்ன யெஷோவ், சுட்டுக் கொல்லப்பட்டதுக்கு அப்புறம் போட்டோவுல இருந்தும் காணாமப் போனார், அவர் நின்ன இடத்துல கால்வாய்த் தண்ணி மட்டும் இருக்கு. அங்கயும் யாரோ ஒருத்தர் டெஸ்க்ல குனிஞ்சு உக்காந்து, ரொம்பப் பொறுமையா, அழகா அந்த வேலையைப் பண்ணியிருக்கணும். கைத்திறமையில நம்ம ஊர் ஸ்டுடியோக்காரருக்கும் அவருக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. 2015 டிசம்பர், சென்னை வெள்ளம். பிரதமர் விமானத்துல இருந்து வெள்ளத்தைப் பாக்குற மாதிரி பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளிய தெரிஞ்ச காட்சி தனியா ஒட்டினதுன்னு பாத்தவங்க கண்டுபிடிச்சதும் படத்தை எடுத்துட்டாங்க. வெள்ளம் நிஜம், அவர் பாக்கப் போனதும் நிஜம், வெளியிட்ட படம் மட்டும் ஒட்டு. நிஜமா நடந்த விஷயத்துக்கே நம்பிக்கையைக் குறைக்க ஒரு ஒட்டுப்படம் போதும்.

இதையெல்லாம் நான் படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயம். ஆச்சியோட அம்மா படம் ஒண்ணு இருக்கு. அந்தக் கால ஸ்டுடியோ படம், கலர் டச்சிங் பண்ணது, கரையான் கொஞ்சம் அரிச்சது. கழுத்துல ரெட்டை வடச் சங்கிலி. போன தீபாவளிக்கு ஆச்சிக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு அதை ஸ்கேன் பண்ணி, போன்ல ஒரு ஏ.ஐ. ஆப்ல போட்டேன். ரெண்டு நிமிஷத்துல சூப்பரா வந்தது. கரையான் ஓட்டை இல்ல, முகம் பளிங்கு மாதிரி, ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியுது. பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் போட்டுக் குடுத்தேன்.

ஆச்சி ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் இது யாருன்னு கேட்டாங்க.

நான் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன். இடது புருவத்துக்கு மேல ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருந்தது, அதை ஸ்டுடியோக்காரர் டச்சிங்ல எடுக்காம விட்டிருந்தார். ஆப் அதை அழிச்சுட்டது. கண்ணு கொஞ்சம் பெருசாகி, வேற யாரோட கண்ணாவோ இருந்தது. ஆனா சங்கிலி மட்டும் அற்புதமா இருந்தது. அந்தப் பெயின்ட் சங்கிலியை நிஜம்னு நம்பி, அதுக்குக் கண்ணி கண்ணியா மினுமினுப்பும், கழுத்துல ஒரு மெல்லிசான நிழலும் குடுத்திருந்தது. அந்தச் சங்கிலி பூட்டி கழுத்துல ஒருநாளும் கிடந்ததில்ல, தாலிக்கயித்தைத் தவிர அவங்களுக்கு நகையே கிடையாதுன்னு ஆச்சி அன்னிக்குத்தான் சொன்னாங்க. ஸ்டுடியோவுல வரைஞ்சுக்கலாம்னு ஆசைப்பட்டுக் கேட்டது பூட்டிதானாம். அதுக்குத் தனியா காசும் குடுத்தாங்களாம். எவ்வளவுன்னு ஆச்சிக்கு ஞாபகமில்ல.

பழைய படம் திரும்ப ஹாலுக்குப் போயிடுச்சு. புதுசு பீரோவுக்கு மேல கிடக்குது. எறிய ஆச்சி விடல, காசு போட்டு ஃப்ரேம் வாங்கினதாச்சே. ஆனா பின்னாடி அட்டையில இது கம்ப்யூட்டர்ல போட்ட படம், அம்மா இல்லன்னு என்னை எழுதச் சொன்னாங்க. தேதியும் போடச் சொன்னாங்க. போட்டேன்.

ஒரு விஷயம் கேக்கணும். உங்க வீட்டுப் பழைய படத்தைக் கழட்டும்போது அப்படியே பின்பக்கமும் பாருங்க. ஸ்டுடியோ பேர் போட்ட ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும், ஊதா மையில, பாதி அழிஞ்சு. கோவில்பட்டி, சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம், எந்த ஊரா இருந்தாலும் சரி, முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணு போன்ல எடுத்து நம்ம இதழுக்கு அனுப்புங்க. டச்சிங் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தோணுதோ அதையும் எழுதுங்க. வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுட்டு அனுப்புங்க. ஃபில்டர் வேண்டாம், ப்ளீஸ்.